சொன்னதைச் செய்ய மறுக்கும் பணியாளர்: மேற்பார்வையாளரே, நிதானம் இழவாதிரும்!

காலை எட்டரை மணி. நீலசந்திரா பஜார் தெருவில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலேறுகின்றன. சுற்றியுள்ள சந்துகளிலிருந்து நம் மக்கள் வேலைக்குப் புறப்படுகிறார்கள். ஒருவர் ஓசூர் சாலைப் பக்கத்துக் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்கு. ஒருவர் கோரமங்களாவின் அடுக்குமாடிக் குடியிருப்பிலே ஹவுஸ்கீப்பிங் பணிக்கு. மற்றொருவர் தாமே நடத்தும் சிறு பட்டறைக்கு. ஊரைவிட்டுப் பெங்களூருக்கு வந்தபோது இவர்கள் எல்லாரும் பிறர் சொன்னதைச் செய்கிறவர்களாகவே வந்தார்கள். ஆண்டுகள் உருண்டோடின. உழைப்பினாலும் நேர்மையினாலும் இன்று பலர் மற்றவர்களுக்கு வேலை சொல்லுகிற இடத்திற்கு உயர்ந்திருக்கிறார்கள்.

அன்பு வாசகரே, நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். தையலை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், கணக்கைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் சொன்னதை ஒருவர் செய்ய மறுத்தால் என்ன செய்வது என்பதை யாராவது கற்றுக்கொடுத்தார்களா?

இந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மாலைக்குள் முடிக்க வேண்டிய ஆர்டர் ஒன்று இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் இருந்தவர் அன்று வரவில்லை. பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஓர் அக்காவை அந்த மெஷினுக்கு மாறச் சொல்லுகிறீர்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் என்னால ஆகாது தம்பி. வேணும்னா நீங்களே உட்கார்ந்து தைங்க" என்கிறார். முப்பது மெஷின்களும் ஒரு நொடி நின்றுவிடுகின்றன. எல்லாக் கண்களும் உங்கள்மேல் இருக்கின்றன.

அந்த நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அணைவதும் இருக்கிறது. ஒன்று அவருடைய குடும்பம், மற்றொன்று உங்களுடையது.

பெரும்பாலும் நாம் மூன்று தவறுகளில் ஒன்றைச் செய்கிறோம். "நாளையிலிருந்து வராதே" என்று கத்திவிடுகிறோம். அல்லது, அவமானத்தை விழுங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறோம். மறுநாள் இன்னும் மூன்று பேர் மறுக்கிறார்கள். அல்லது, மேலதிகாரியிடம் போய், நடந்ததோடு நடவாததையும் சேர்த்துச் சொல்லுகிறோம். மூன்றுமே நம்மைத்தான் குழியில் தள்ளும். இதைவிட நல்ல வழி இருக்கிறது.

கீழ்ப்படியாமை என்பது எது?

முகம் சுளிப்பதெல்லாம் கீழ்ப்படியாமை ஆகாது. தொழிற்சாலைகளுக்கென்று 1946 ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம் வந்தபோது, அதனோடு மாதிரி நிலையாணைகளும் வகுக்கப்பட்டன. அவற்றில் ஒழுங்கீனச் செயல்களின் பட்டியலில் முதலாவதாக நிற்பதே கீழ்ப்படியாமைதான். அதன் வரையறையைக் கவனியுங்கள்: மேலதிகாரி இடும் சட்டப்படியானதும் நியாயமானதுமான கட்டளைக்கு, தனியாகவோ மற்றவரோடு சேர்ந்தோ, வேண்டுமென்றே கீழ்ப்படிய மறுப்பது.

இதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. நீங்கள் சொன்னது சட்டத்திற்கு உட்பட்டதா? அது நியாயமானதா? அவர் வேண்டுமென்றேதான் மறுத்தாரா? மூன்றுக்கும் "ஆம்" என்ற பதில் கிடைத்தால் மட்டுமே அது கீழ்ப்படியாமை. ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும், தவறு உங்கள் பக்கமாகத் திரும்பிவிடும்.

எடுத்துக்காட்டாக, அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இறங்கிச் சுத்தம் செய்" என்று துப்புரவுப் பணியாளரிடம் மேற்பார்வையாளர் சொல்லுகிறார். அவர் மறுக்கிறார். இங்கே குற்றவாளி யார்? பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதன்முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறையும் இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அப்படி மறுத்தவர் தம் உயிரை மாத்திரம் அல்ல, கட்டளையிட்டவரையும் காப்பாற்றுகிறார்.

கூடுதல் நேர வேலையும் அப்படியே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, கூடுதல் நேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ஊதியம் இரட்டிப்பாகத் தரப்பட வேண்டும். ஆகவே, "இன்று இரவு ஒன்பது மணி வரை இரு" என்பதற்கு ஒரு தாய், "பிள்ளைகள் தனியே இருக்கிறார்கள்" என்று சொல்லிப் புறப்பட்டால், அதைக் கலகம் என்று எழுதிவிடாதீர்கள்.

முதல் பத்து நிமிடங்கள்

மறுப்பு எழுந்தவுடன் செய்ய வேண்டியவை மிக எளியவை. ஆனால் கோபம் அவற்றை மறக்கச் செய்துவிடும்.

1. குரலை உயர்த்தாதீர்கள். பலர் முன்னிலையில் தொடங்கும் வாக்குவாதத்தில் இருவருமே பின்வாங்க முடியாது. அவர் பணிந்தாலும் அவமானம்; நீங்கள் விட்டுக்கொடுத்தாலும் அவமானம்.

2. கட்டளையை ஒருமுறை தெளிவாகத் திரும்பச் சொல்லுங்கள். "அக்கா, இந்த ஆர்டர் மாலைக்குள் போக வேண்டும். இன்று ஒரு நாள் மாத்திரம் ஓவர்லாக்கில் உட்காருங்கள் என்று கேட்கிறேன். உங்களால் முடியுமா, முடியாதா?" சொன்னது புரியவில்லை என்று பிற்பாடு சொல்ல இதனால் இடமிராது.

3. தனியே அழைத்துக் காரணம் கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இதுதான் கடினமான பகுதி.

நாம் பார்த்த காட்சியில் அந்த அக்கா தனியே என்ன சொல்லக்கூடும்? "போன மாதமும் அந்த மெஷினில் உட்கார வைத்தீர்கள். பழக்கமில்லாததால் எண்ணிக்கை குறைந்தது. டார்கெட் முடிக்கவில்லை என்று எல்லார் முன்னும் என்னைத் திட்டினார்கள். நீங்களும் பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்?" இப்படி ஒரு பதில் வந்தால், உங்கள் முன் இருப்பது அடங்காத பணியாளர் அல்ல; காயம்பட்ட பணியாளர். "இன்றைய எண்ணிக்கைக்கு நான் பொறுப்பு" என்ற உங்களுடைய ஒரே வாக்கியம் அவரை அந்த மெஷினில் உட்கார வைத்துவிடும்.

மொழியையும் மறவாதீர்கள். இன்றைய பெங்களூரில் ஒரே வரிசையில் கன்னடம், தமிழ், ஒடியா, இந்தி, அசாமி பேசுகிறவர்கள் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அரைகுறைக் கன்னடத்திலோ இந்தியிலோ சொன்னது பாதி புரிந்து, பாதி புரியாமற்போவதுண்டு. கன்னடத்தில் "நீவு" என்பதற்குப் பதிலாக "நீனு" என்று சொல்லிவிட்டால், வயதில் மூத்தவர் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார். "டா" போட்டு அழைத்தால் நம் ஊரில் நாம் சும்மா இருப்போமா?

இனி எழுத்தில்

காரணம் எதுவும் இல்லை, வேண்டுமென்றேதான் மறுக்கிறார், பேசிப் பார்த்தும் திருந்தவில்லை என்றால் என்ன செய்வது? அப்போது உங்கள் கோபம் பேச வேண்டாம், காகிதம் பேசட்டும்.

அன்றைக்கே எழுதி வையுங்கள்: நாள், நேரம், இடம், நீங்கள் சொன்ன சொற்கள், அவர் சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள். "திமிராக நடந்துகொண்டார்" என்று எழுதாதீர்கள். அது உங்கள் கருத்து. "நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்றார்" என்று எழுதுங்கள், அது நடந்தது. விசாரணையில் நிற்பது கருத்தல்ல, நடந்ததுதான்.

முதல் தடவை என்றால் வாய்மொழி எச்சரிக்கை போதும். மறுபடியும் நடந்தால் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கலாம். மெமோவை அவருக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். பதில் எழுதப் போதிய நாள் கொடுங்கள். பதில் நியாயமாக இருந்தால் அங்கேயே முடித்துவிடுங்கள். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதால் எந்த மேலாளரும் சிறுத்துப்போவதில்லை.

குற்றம் பெரியதாக இருந்தால், குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்க நேரிடலாம். அந்த இடைநீக்கக் காலத்தில் அவருடைய வீட்டு வாடகை நிற்காது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நிற்காது. ஆகையால் முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியமும், தாமதத்திற்கு அவர் காரணமாக இல்லாவிடில் அதற்குப்பின் முக்கால் ஊதியமும் பிழைப்பூதியமாகத் தரச் சட்டம் கட்டளையிடுகிறது. புதிய தொழில் உறவுகள் தொகுப்பு, விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்கவும் சொல்லுகிறது. முன்பு பொதுவாக 100 தொழிலாளர் இருந்த இடங்களுக்குப் பொருந்திய நிலையாணை விதிகள், இந்தத் தொகுப்பின்படி 300 பேர் உள்ள நிறுவனங்களுக்கே கட்டாயம் என்பதையும் அறிந்திருங்கள். ஆனால் நியாயமாய் விசாரிக்க வேண்டும் என்ற கடமைக்கு எண்ணிக்கை வரம்பு வைத்துக்கொள்ளாதிருப்பதே நமக்கு நல்லது.

விசாரிப்பவர் யார்?

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். மேற்கு வங்கத்து மீங்ளாஸ் தேயிலைத் தோட்டத்தில், அதிகாரிகளைத் தாக்கியதாகச் சில தொழிலாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை நடத்தியவர்களில், தாக்கப்பட்டதாகச் சொன்ன அதிகாரிகளே இருந்தார்கள். சாட்சிகளை நிறுத்தி, தொழிலாளர் குறுக்குக் கேள்வி கேட்க வழியும் செய்யவில்லை. 1963 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையை ஏற்க மறுத்துவிட்டது. குற்றம் சாட்டுகிறவரும், சாட்சி சொல்லுகிறவரும், தீர்ப்பு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அது விசாரணையே அல்ல.

ஆகவே, உங்களை எதிர்த்துப் பேசியவரை நீங்களே விசாரிக்காதீர்கள். உங்கள் வேலை சாட்சி சொல்லுவதோடு முடிகிறது. பத்துப் பேர் உள்ள பட்டறையானாலும், நடந்ததில் சம்பந்தமில்லாத மூத்தவர் ஒருவரை இருபக்கமும் கேட்கச் சொல்லலாம் அல்லவா?

தண்டனைக்கும் ஓர் அளவு உண்டு

குற்றம் நிரூபணமானபின் எழும் கேள்வி: எவ்வளவு தண்டனை? இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ரமாகாந்த் மிஸ்ரா என்பவரின் வழக்கு 1982 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதிகாரியிடம் தகாத முறையில், மிரட்டும் தொனியில் பேசினார் என்பது குற்றச்சாட்டு. அதற்காக வேலையே போயிற்று. அதற்குமுன் 14 ஆண்டுகள் அவர்மேல் குற்றமில்லை. ஒருமுறை வாய்தவறியதற்குப் பிழைப்பையே பறிப்பது மிகையானது என்று கருதிய நீதிமன்றம், பணிநீக்கத்தை விலக்கி, இரண்டு ஊதிய உயர்வுகளை நிறுத்துவதே போதும் என்றது.

2005 ஆம் ஆண்டு மகிந்திரா நிறுவனத்தின் வழக்கில் வேறு விதமான தீர்ப்பு வந்தது. ஒரு தொழிலாளி மேற்பார்வையாளரை ஆபாசச் சொற்களால் ஏசியது நிரூபணமாயிருந்தது. தொழிலாளர் நீதிமன்றம் பணிநீக்கம் மிகை என்று எண்ணிற்று. உச்ச நீதிமன்றமோ பணிநீக்கம் செல்லும் என்று தீர்த்தது.

இரண்டும் முரண்பட்டவை என்று எண்ண வேண்டாம். என்ன பேசப்பட்டது, எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில், இதற்குமுன் அவர் எப்படி இருந்தார் என்பவற்றை எடை போட்டே தண்டனை வர வேண்டும். மாதிரி நிலையாணைகளும் இதையே சொல்லுகின்றன: குற்றத்தின் கடுமை, முந்தைய நடத்தை, சூழ்நிலை ஆகியவற்றை ஆராய்ந்தபின்பே தண்டனை.

"சம்பளத்தில் பிடித்துக்கொள்" என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அபராதம் என்று பிடிப்பதானால், அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பின்புதான்.

பிடதியும் நரசாபுராவும்

தனி மனிதருடைய மறுப்பு எவ்வளவு பெரிய தீயாய்ப் பரவும் என்பதை நம் நகரத்தின் அருகிலேயே கண்டோம். மைசூரு சாலையிலுள்ள பிடதியின் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில், 2020 நவம்பரில் தொழிலாளி ஒருவர் ஒழுங்கீனம் என்ற காரணத்தால் இடைநீக்கம் செய்யப்பட்டார். தொழிற்சங்கத்தார் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். நவம்பர் 10 ஆம் தேதி நிர்வாகம் கதவடைப்பு அறிவித்தது. நிறுவன ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்றது நிர்வாகம். வேலைப்பளுவைக் குறித்துக் கேள்வி கேட்டதற்கே தண்டனை என்றது சங்கம். இன்னும் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு தலையிட்டது. மூவாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளரைத் தொட்ட அந்தப் போராட்டம் 2021 மார்ச்சில்தான் முடிந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான்கு மாதம் இரு பக்கமும் இழந்தவை எத்தனை என்பதை மாத்திரம் எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 12 ஆம் தேதி, கோலார் மாவட்டம் நரசாபுராவில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் தொழிலாளர் கலவரம் மூண்டது. கண்ணாடிகள் நொறுங்கின, வாகனங்கள் கவிழ்ந்தன. வன்முறையை ஒருபோதும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பின்பு தெரிய வந்தது என்ன? சில தொழிலாளருக்குச் சரியான ஊதியம் உரிய நேரத்தில் தரப்படவில்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியப் பிரிவைக் கவனித்த உதவித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கியது. கேட்கப்படாத முறையீடு உள்ளே புழுங்கிப் புழுங்கி ஒருநாள் வெடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று சட்டம் சொல்லுவது இதனால்தான். அந்தக் குழுவில் நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

ஒரே ஊர், ஒரே சபை

சொந்தக் கடையோ பட்டறையோ நடத்துகிற வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம்மில் பலர் ஊரிலிருந்து உறவுக்காரப் பையனையும், சபைக்கு வரும் சகோதரர் ஒருவரையும் வேலைக்கு வைத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் அவர் சொன்னதைச் செய்ய மறுக்கும்போது எல்லாம் குழம்பிவிடுகிறது. முதலாளி, "உன்னை ஊரிலிருந்து கூட்டி வந்தது நான்" என்கிறார். அவரோ, "ஓய்வுநாள் இல்லாமல் வேலை வாங்கிவிட்டு உறவு பேசுகிறீர்களா அண்ணா?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வரிசையில் உட்கார முடியாமல் போகிறது.

உறவை வைத்து வேலை வாங்காதீர்கள். வேலையை வைத்து உறவை முறிக்காதீர்கள். முதல் நாளிலேயே வேலை நேரம், சம்பளம், வார விடுமுறை, செய்ய வேண்டிய பணிகள் இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடையில் நடந்ததைச் சபையில் பேச வேண்டாம். போதகரை நீதிபதியாக்க வேண்டாம்.

"என் கடை; வேண்டாமென்றால் அனுப்பிவிடுவேன்" என்பதும் சரியல்ல. 1961 ஆம் ஆண்டுக் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது என்கிறது. காரணம் இருந்தாலும், ஒரு மாத முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். முறையாக விசாரித்து ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டால் மாத்திரமே அந்த முன்னறிவிப்பு வேண்டியதில்லை.

மெமோ உங்கள் கைக்கு வந்தால்

இதை வாசிக்கும் சிலர் மேற்பார்வையாளராக அல்ல, மெமோ வாங்கியவராக இருக்கலாம். உங்களுக்கும் சில ஆலோசனைகள்.

அமெரிக்கத் தொழில் நடுவர்கள் நெடுங்காலமாக ஒரு விதியைக் கைக்கொண்டு வருகிறார்கள்: முதலில் செய், பிறகு முறையிடு. கட்டளை பிடிக்கவில்லை, அநியாயமாகத் தோன்றுகிறது என்றாலும், அப்போது செய்துவிட்டுப் பின்பு எழுத்தில் முறையிடுவதே பாதுகாப்பானது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, சட்டமீறல், மானத்துக்குக் கேடு ஆகியவை இதற்கு விலக்கு. அப்போது மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் ஏன் மறுக்கிறீர்கள் என்பதை அமைதியாகச் சொல்லி, அன்றைக்கே எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். வாங்கிக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். வாசித்துப் புரிந்துகொள்ளாத தாளில் கையெழுத்திடாதீர்கள். "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, உனக்கு நல்லது" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஒரு நாள் அவகாசம் கேட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பின்பே முடிவெடுங்கள்.

முடிவாக

வாசகரே, அந்தத் தையல் வரிசைக்குத் திரும்புவோம். மெஷின்கள் நின்றிருக்கின்றன, எல்லாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது அந்த அக்கா தோற்கிறாரா, நீங்கள் தோற்கிறீர்களா என்பதை மாத்திரம் அல்ல. நாளை நமக்கு ஒரு குறை வந்தால் இந்த மனிதர் காதுகொடுப்பாரா என்பதையும் பார்க்கிறார்கள்.

நீங்களும் ஒரு காலத்தில் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான். அப்போது உங்களிடம் எப்படிப் பேசியிருந்தால் மனமார எழுந்து சென்றிருப்பீர்கள்? அப்படியே இன்று பேசிப் பாருங்கள். அதற்கும் மசியாதவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் நிதானமாக, ஒவ்வொரு படியாக நடங்கள். மாலையில் நீலசந்திராவின் சந்துக்குள் வீடு திரும்பும்போது, அன்று செய்தது எதையும் உங்கள் மனைவி மக்களிடம் மறைக்க வேண்டியிராது.